மனைவி புலம்பல், ஸ்பானிஷில்

என் கணவர் இறந்த பதினோராம் நாள், அவருடைய தமக்கை, என் மச்சாள், எங்கள் வீட்டு முன்னறையில், இறந்தவர் எப்போதும் உட்காரும் கதிரையிலேயே உட்கார்ந்துகொண்டு, நான் எப்படிப் புலம்பினேன் என்று எனக்கே வாசித்துக் காட்டினார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்றைக்குக் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அடித்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்போம். கல்லில் ஒன்றும் வெட்டுவதில்லை. பளபளப்பான தாளில் கலர் அச்சுத்தான். முன் அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி. அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஆளுக்கொரு பக்கம். புலம்புகிறவர் யாரும் அதை எழுதுவதில்லை. அதற்கென்றே பாட்டுக் கட்டிக் கொடுக்கிற ஆட்கள் லண்டனில் இருக்கிறார்கள்.

மச்சாள் பிடித்த பாட்டுக்காரர் ஓய்வுபெற்ற மனிதர். போனில் மூன்று கேள்விதான் கேட்டாராம். இறந்தவர் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், மனைவி இருக்கிறாரா. நான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் என் புலம்பல் தயாராகிவிட்டது.

"கண்ணின் மணிபோலக் காத்தஎன் தெய்வமே" என்று தொடங்கியது. மச்சாள் ராகத்தோடு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கே அழுகை வந்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "உம்மை அன்றி எனக்கொரு வாயுண்டோ சொல்லும்" என்ற இடம் வந்தபோது எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

இந்த வரியை அந்தப் பாட்டுக்காரர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பாட்டு முழுவதும் பொய். இந்த ஒரு வரி மட்டும் மெய். ஆனால் அதை நான் பெருமையாகச் சொல்லுவதாக எழுதியிருந்தது.

கல்வெட்டை ஒருவரும் எறியமாட்டார்கள். படம் இருக்கிறதே, எறிந்தால் பாவம் என்று அலுமாரியில் வைத்துவிடுவார்கள். டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் யாழ்ப்பாணத்திலும் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் அந்தப் பக்கம் என் பெயரோடு கிடக்கும். முப்பத்துமூன்று வருஷம் நான் வாழ்ந்ததற்கு அச்சில் இருக்கப்போகிற ஒரே சாட்சி அதுதான். அது அப்படி அச்சேற விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். இன்னும் இருபது நாள் இருந்தது.

என் கணவர் குடிக்கிறவர் அல்ல, அடிக்கிறவரும் அல்ல. அதுதான் எனக்கு வந்த கஷ்டம். சொன்னால் யார் நம்புவார்கள்? வெளியில் அவரைப்போலத் தங்கமான மனிதர் இல்லை. யார் வீட்டுக் கவுன்சில் கடிதம் என்றாலும் வாசித்து விளக்குவார். கோயில் கணக்குப் பார்ப்பார். வீட்டில் மட்டும் நான் வாயைத் திறந்தால் திருத்துவார். இங்கிலிஷ் பேசினால் உச்சரிப்பைத் திருத்துவார். தமிழ் பேசினால் கதையைத் திருத்துவார். விருந்துக்கு வந்தவர்களுக்கு நான் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால், "நீர் சுருக்கமாய்ச் சொல்லும்" என்பார். பிறகு "விடும், நான் சொல்லுறன்" என்பார். மகளின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களுக்கு ஒருநாளும் என்னைக் கூட்டிப்போனதில்லை. என் இங்கிலிஷைக் கேட்டால் பிள்ளைக்கு வெட்கமாக இருக்குமாம். பிள்ளை அப்படிச் சொன்னதாக அவர்தான் சொன்னார்.

இதையெல்லாம் மன்னிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். மன்னிக்கவே ஏலாதது ஒன்று இருக்கிறது.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது சண்டை முடிந்து, பாதை திறந்து, எல்லாரும் போய்வந்துகொண்டிருந்தார்கள். மகளுக்கு அப்போது பதினாலு வயது. விடியற்காலை என் அண்ணை போன் எடுத்துச் சொன்னார். நான் பையை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினேன். பாஸ்போர்ட்டைக் காணவில்லை. எங்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அவருடைய மேசையில் இழுக்கிற லாச்சியில் இருக்கும். அன்றைக்கு அந்த லாச்சி பூட்டியிருந்தது. பூட்டின் திறப்பு அவருடைய காற்சட்டைப் பையில். கேட்டேன். பேப்பரை மடிக்காமலே, "செத்த ஆளைப் பாத்து என்ன செய்யப் போறீர்? நீர் போனால் இஞ்சை ஆர் சமைக்கிறது?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. அங்கே எனக்காக அம்மாவை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் அண்ணை திரும்ப எடுத்து, வருகிறாயா இல்லையா என்று ஒன்றைச் சொல் என்று கேட்டார். என் கணவர் போனை என் கையிலிருந்து வாங்கி, எனக்குப் பிரஷர் கூடிவிட்டது, டொக்டர் பிளேனில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றார். என் அம்மாவின் சாவுக்கு நான் போகாத காரணத்தையும் அவரே எனக்காகச் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் இரவுக்குப் புட்டு அவித்தேன். அவித்த என் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

அந்த லாச்சியை அதற்குப் பிறகு அவர் பூட்டவே இல்லை. தேவை இருக்கவில்லை.

இனி ஸ்பானிஷ் கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் பெரியவர்களுக்கான வகுப்புகள் நடப்பதாக நோட்டீஸ் பார்த்தேன். இங்கிலிஷ், கம்ப்யூட்டர், தையல், ஸ்பானிஷ். இங்கிலிஷுக்குப் போனால் வீட்டுக்கு வந்ததும் திருத்துவார். ஸ்பானிஷ் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. அவர் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. என்னைத் திருத்த ஆள் இல்லாத ஒரு மொழி இந்த உலகத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான் சேர்ந்தேன். வேறு ஒரு நோக்கமும் இல்லை. ஸ்பெயினுக்கு நான் போனதுமில்லை.

வகுப்பு வெள்ளிக்கிழமை காலையில். அவரிடம் ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லுவேன். அந்த ஏற்றம் ஏற அவருக்கு மூச்சு வாங்கும், கூட வரமாட்டார். நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு போய் வகுப்பில் பின் வாங்கில் உட்கார்ந்திருப்பேன். முருகன் கோபித்திருக்கமாட்டார். வள்ளிக்காக அவரும் வேஷம் போட்டவர்தானே.

டீச்சர் கொலம்பியாக்காரி, என் வயதுதான் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, மனம் ஆறுதல்படும்போது, ஆபத்து நீங்கும்போது என்ன சொல்லுவது என்று படிப்பித்தார். தொலைந்த திறப்பு அகப்பட்டால் "மெனோஸ் மால்", அதாவது நல்ல காலம். காத்துக் காத்து நின்ற பஸ் வந்தால் "போர் ஃபின்", ஒருவழியாக வந்து சேர்ந்தது. பெரிய கவலை தீர்ந்தால் "கே அலிவியோ", என்ன நிம்மதி. விழுந்த குழந்தையைத் தூக்கித் தடவும்போது "யா பசோ", எல்லாம் முடிந்துவிட்டது, இனி இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவர் முகத்தைச் சுருக்கிப் பிறகு மலர்த்திக் காட்டினார். நாங்களும் செய்தோம். கிழடுகள் எல்லாம் சேர்ந்து பெருமூச்சு விட்டதில் அந்த அறையே சிரிப்பாகிவிட்டது.

பிறகு ஆளுக்கொரு வசனம் சொல்லச் சொன்னார். ஒருவருக்கு வீட்டு பொய்லர் திருத்திக் கிடைத்த நிம்மதி. இன்னொருவருக்கு மகன் பரீட்சை பாஸ். என் முறை வந்தது. "கே அலிவியோ, நான் இங்கே இருப்பது என் கணவருக்குத் தெரியாது" என்றேன். எல்லாரும் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. அந்த வசனத்தைப் பலகையில் எழுதி, என்னை மட்டும் மூன்று தரம் சொல்ல வைத்தார். மூன்றாம் தரம் சொன்னபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

தமிழில் இந்தச் சொற்கள் இல்லையா என்றால், இருக்கின்றன. அப்பாடா, நல்ல காலம், தப்பினேன் பிழைத்தேன் என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுகிறோம். பால் பொங்கி வழியாமல் இறக்கினால்கூட அப்பாடா என்போம். ஆனால் முப்பத்துமூன்று வருஷம் மேலே கிடந்த ஒரு பாரம் இறங்கினால் மட்டும் சொல்லக்கூடாது. பெண்சாதி அதைச் சொன்னால் அவள் பெண்ணே இல்லை.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இறந்தார். மாரடைப்பு. தோசைக்குச் செய்த சம்பலில் உப்புக் கூட என்று சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் விழுந்தார். அதுதான் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஆம்புலன்சுக்கு உடனே அடித்தேன். நெஞ்சை அமத்தச் சொன்னார்கள், கை நோக நோக அமத்தினேன். அவர் சாகவேண்டும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இருத்திச் சொன்னபோது, மனதுக்குள் முதலில் வந்தது தமிழும் இல்லை, இங்கிலிஷும் இல்லை. யா பசோ.

இப்படியிருக்க, மச்சாள் என் வாயில் தெய்வமே என்று போட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

நேரே சண்டைக்குப் போயிருந்தால் தோற்றிருப்பேன். மச்சாள் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை சொல்லக்கூடியவர். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வழியை அவரே திறந்துவிட்டார். பெருமைதான் அவருடைய வியாதி. போன வருஷம் செத்த ஒருவருடைய கல்வெட்டில், ஜெர்மனியில் பிறந்த பேரப்பிள்ளைகள் ஜெர்மனில் எழுதியிருந்தார்களாம். பிரெஞ்சிலும் ஒரு பக்கம் இருந்ததாம். அதைப் பற்றி ஊரெல்லாம் கதையாம். எங்கள் புத்தகத்தில் தமிழும் இங்கிலிஷும்தானே என்று மச்சாளுக்கு நித்திரை இல்லை. பாரிசில் இருக்கிற ஒரு பெறாமகன் முறைப் பையனைப் பிடித்துப் பிரெஞ்சில் எழுதச் சொல்லியிருந்தார். நோர்வேக்காரப் பிள்ளை ஒன்றும் சம்மதித்துவிட்டது.

பதினைந்தாம் நாள் நான் மெதுவாகச் சொன்னேன், மனைவி புலம்பலை நான் ஸ்பானிஷில் எழுதித் தரட்டுமா என்று. மச்சாள் வாய் பிளந்தார். எப்போது படித்தீர் என்று கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் என்றேன். அவர் கண்ணைச் சுருக்கி, "தம்பிக்குத் தெரியுமோ?" என்றார்.

"இந்த வீட்டிலை அவருக்குத் தெரியாமல் ஏதும் நடந்திருக்குமோ மச்சாள்?" என்றேன்.

அது அவருக்குப் போதுமாக இருந்தது. அஞ்சு பாஷை என்று விரலை மடித்து எண்ணினார். கனடாக்காரர் பார்த்து வயிறு எரியட்டும் என்றார். என்ன எழுதப்போகிறீர் என்றும் ஒரு பேச்சுக்குக் கேட்டார். இவர் போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று எழுதுவேன் என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பாட்டுக்காரருக்கு அன்றைக்கே போன் போட்டு என் புலம்பலை எடுத்துவிடச் சொன்னார்.

முப்பத்தொன்று முடியுமுன் செத்தவீட்டுக்காரி வெளியில் போகக்கூடாது. நான் இருபதாம் நாள் வகுப்புக்குப் போனேன். எழுதியதை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பிழை திருத்தினார். எழுத்துப்பிழைதான், விஷயத்தில் கை வைக்கவில்லை. கொஞ்சம் மென்மையாக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நல்லது என்றார்.

அச்சகத்துப் பையனுக்கு மொழி தெரியாது, எழுத்தைப் பார்த்து அப்படியே ஏற்றினான். மேலே "மனைவி புலம்பல்" என்று தமிழில் தலைப்பு, சுற்றிலும் தாமரைப் பூ, ஒரு மூலையில் எரிகிற குத்துவிளக்கு. நடுவில் என் ஸ்பானிஷ். அச்சுக்கு முந்திய தாளைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. வெட்கப்படாமல் சொல்லுகிறேன், என் கலியாணத்தன்றைக்கு இப்படி ஒரு சந்தோஷம் இருந்ததில்லை.

அந்தியேட்டி ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் கிரியைகள் முடித்து, மத்தியானம் லண்டன் எட்மண்டனில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் சாப்பாடு. மேடையில் அவருடைய பெரிய படம், ரோஜா மாலை போட்டு. வாசலிலேயே ஆளுக்கொரு கல்வெட்டுக் கொடுத்தார்கள். வழக்கப்படி சாப்பாட்டுக்கு முன் பாட்டுக்காரர் மைக்கைப் பிடித்துப் புலம்பல்களை ராகத்தோடு பாடத் தொடங்கினார். சகோதரர் புலம்பலில் மச்சாளைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக இருந்தது. பிறகு என் பக்கம் வந்தது. பாட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு நின்றார்.

மச்சாள் எழுந்து, இது ஸ்பானிஷ், மனைவி தானே எழுதியது என்று சபைக்கு அறிவித்தார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாசிக்க ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன். கண்ணாடிக்கு முன் நின்று எத்தனையோ தரம் வாசித்துப் பழகியிருந்தேன். எழும்பப் போனேன். பக்கத்தில் இருந்த மகள் என் தோளைத் தொட்டு இருத்தினாள்.

"நீங்கள் இருங்கோ அம்மா, உங்களுக்கு ஏலாது. நான் வாசிக்கிறன். ஸ்கூலிலை நான் ஸ்பானிஷ்தானே படிச்சனான்."

ஏதோ ஒரு பாஷை படித்தாள் என்று தெரியும். பிரெஞ்சு என்று நினைத்திருந்தேன். என் பிள்ளை என்ன படித்தாள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலுக்கே என்னை விட்டதில்லையே. அவள் மேடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவளுக்கு அவர் வேறு மனிதர், தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அவளைக் குத்துவதற்கு நான் அதை எழுதவில்லை.

அவள் வாசித்தாள். என்னைவிட நல்ல உச்சரிப்பு. முதல் வரி, போர் ஃபின், இந்த வீட்டில் இப்போது என் குரல் கேட்கிறது. அவள் ஒரு கணம் யோசித்தாள், பிழையாக வாசித்துவிட்டோமோ என்பதுபோல. அடுத்த வரி, கே அலிவியோ, உப்பு எவ்வளவு என்று என் நாக்கே சொல்லுகிறது. மூன்றாவது வரி லாச்சியைப் பற்றியது. அதில் பாதியில் நின்றுவிட்டாள்.

மண்டபம் அழுகை வந்து நின்றாள் என்று நினைத்தது. முன்வரிசைப் பெண்கள் தாங்களும் அழத் தொடங்கினார்கள். மச்சாள் மூக்கை உறிஞ்சினார். ஒரு சொல்லும் விளங்காமல் என் நிம்மதிக்கு அழுதுகொண்டிருந்த அந்தச் சனத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மகளைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது. அவள் திரும்பித் தகப்பனின் படத்தைப் பார்த்தாள். பிறகு கடைசி வரி வரைக்கும், ஒன்றையும் விடாமல், மெதுவாக வாசித்து முடித்தாள்.

அத்தோடு முடிந்திருக்கும். மச்சாளுக்குத்தான் பெருமை அடங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "பிள்ளை, அதிலை என்ன இருக்கெண்டு சனத்துக்கு ஒருக்காத் தமிழிலை சொல்லன்" என்றார்.

மகள் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் நினைத்திருந்தால் எதையும் சொல்லியிருக்கலாம். வீடு வெறிச்சோடிவிட்டது என்று ஒரு வசனம் போதும், நாங்கள் எல்லாரும் தப்பியிருப்போம். ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் என் வாயில் இன்னொரு பொய் ஏறியிருக்கும், அதுவும் என் பிள்ளையின் கையால்.

"இது அம்மாவின்ரை பக்கம் மாமி. அம்மாவே சொல்லட்டும்" என்றாள். இறங்கி வந்து மைக்கை என்னிடம் நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

எழுந்தேன். மச்சாள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, "சுருக்கமாய்ச் சொல்லும்" என்றார்.

இந்தச் சொல்லை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது.

"என்ரை அம்மா செத்தநேரம் இவர் என்ரை பாஸ்போர்ட்டை லாச்சிக்குள்ளை வைச்சுப் பூட்டினவர்" என்றேன். "எனக்காண்டி அம்மாவை ரெண்டு நாள் வைச்சிருந்தவை. எனக்கு ஒரு பிரஷர் வருத்தமும் இருக்கேல்லை. இவர் போக விடேல்லை. இப்ப அந்த லாச்சித் திறப்பு என்னட்டை இருக்கு, என்ன நிம்மதி எண்டு எழுதியிருக்கிறன்."

தேவைக்குக் கூடுதலாக மைக் நன்றாக வேலை செய்தது. என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. கடைசி வரி இன்னும் மிச்சம் இருந்தது. அதையும் படத்தைப் பார்த்தே சொன்னேன்.

"நல்ல காலம், நீங்கள் முந்திப் போட்டியள். நான் முந்திப் போயிருந்தால் என்ரை கல்வெட்டையும் நீங்கள்தான் எழுதியிருப்பியள்."

மைக்கைப் பாட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மச்சாள் எழுந்து, உனக்கு விசரா, செத்த மனிதனை மேடையில் வைத்துக்கொண்டு இப்படியா என்று தொடங்கினார். முப்பத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாக என்னை நீர் என்று சொல்லாமல் நீ என்றார். புத்தகங்களையெல்லாம் திருப்பி வாங்கச் சொல்லித் தன் மகனை ஏவினார். அவர் வாயால் சொல்லி முடிக்குமுன்னரே, மண்டபத்தில் ஒவ்வொரு வரிசையாகப் பெண்களின் கைப்பைகள் மூடுகிற சத்தம் கேட்டது. ஒருத்தியும் திருப்பிக் கொடுக்கவில்லை. கனடாவுக்கும் நோர்வேக்கும் பிரான்சுக்கும் புத்தகம் முதல்நாளே போய்விட்டது. அனுப்பியது மச்சாள்தான், தபாற்கந்தோரில் வரிசையில் நின்று தன் கையாலேயே அனுப்பியிருந்தார்.

ஐயர் மணியைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடங்கலாம் என்றார். ஒருவரும் சாப்பிடாமல் போகவில்லை. கை கழுவுகிற இடத்தில் எனக்கு முன்பின் தெரியாத ஒரு பெண், இரண்டு எட்டுத் தள்ளித் தன் புருஷன் நிற்க, அந்த வெள்ளிக்கிழமை வகுப்பு எங்கே நடக்கிறது என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். சொன்னேன்.

திரும்பும்போது மருமகன் காரை ஓட்டினார். நானும் மகளும் பின் சீட்டில். கார் நோர்த் சர்குலர் வீதியில் ஏறியது. மகள் யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கள்தான் போகமாட்டன் எண்டு நிண்டனீங்கள் எண்டு அப்பா எனக்குச் சொன்னவர். தாய் செத்துக்கிடக்கப் புட்டு அவிக்கிறா, பார் எண்டு சொன்னவர். நான் அதை நம்பித்தான் அம்மா இவ்வளவு காலமும் உங்களோடை அப்பிடி இருந்தனான்."

அவள் எப்படி இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். பதினாறு வருஷம் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். தன் கலியாணச் சேலை எடுக்க மச்சாளோடு போனாள். ஏன் என்று நான் கேட்டதில்லை, வளர்ந்த பிள்ளைகள் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் அவர்தான் செய்து வைத்திருந்தார் என்று அந்தக் கார் சீட்டில் இருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. மண்டபத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு பக்கம் வாசிக்கவேண்டும் போல இருந்தது.

அவள் அழுதாள். சத்தம் போட்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். மருமகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், ஏதாவது சொல்லுங்கோ மாமி என்பதுபோல. நான் அவள் கண்ணைத் துடைத்துவிடவில்லை. தகப்பன் சொன்னது உண்மையா என்று ஒருநாள் என்னிடம் கேட்டிருக்கலாமே, ஒரே ஒருநாள் என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தது. நோர்த் சர்குலர் முழுக்க அழவிட்டேன். செவன் கிங்ஸில் வீட்டு வாசலில் கார் நின்ற பிறகுதான் அவள் கையைப் பிடித்தேன்.